‘இந்த மண்ணுல’ என்று சொன்னேன்

நான் குடியை விடவில்லை.

ஊரார் முன்னால் மண்ணைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். விட்டுவிட்டான் என்று ஊர் நம்பியது. என் மனைவி நம்பினாள். அந்த நாட்களிலெல்லாம் நான் குடித்துக்கொண்டுதான் இருந்தேன். என்னை நம்பிய இன்னொருவன் தன் இரண்டு கண்களையும் இழந்தான்.

இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது!

உங்கள் முகம் எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிகிறது. முகம் தெரிந்தவர் எதிரில் எனக்கு வாய் திறக்காது. ஐந்தாவது வரை படித்தேன். வாத்தியார் கேள்வி கேட்பார், பதில் தெரியும், ஆனாலும் எழுந்திருக்க மாட்டேன். அடி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அடிக்கு நான் பயந்ததில்லை. எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்புமே, அதற்குத்தான் பயம். நாற்பதைத் தாண்டிய பிறகும் அந்தப் பயம் என்னோடு வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தது.

இப்போதும் இருக்கிறது. எழுதும்போது கை நடுங்குகிறது. குடிகாரனின் நடுக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அது நின்றுபோயிற்று. இது வேறு நடுக்கம்...

ஓசூருக்கு வடக்கே, மைசூர் எல்லையை ஒட்டி எங்கள் ஊர். எனக்கு வண்டித் தொழில். சொந்த வண்டி, ஒரு ஜோடி மாடு. புளி, ராகி, கொள்ளு, கரி என்று எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போவேன். எல்லை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ரோட்டின் குறுக்கே ஒரு மூங்கில். பக்கத்தில் போலீஸ் சாவடி. மூங்கிலுக்கு இந்தப் பக்கம் சென்னை ராஜ்யம், மதுவிலக்கு. ஒரு சொட்டுக் குடித்தாலும் குற்றம். மூங்கிலுக்கு அந்தப் பக்கம் மைசூர்; அங்கே சாராயக்கடை வாசலில் மாலை போட்ட சாமி படம், ஊதுவத்தி, விரித்த பாய்!

எங்கள் பக்கத்திலும் குடி நிற்கவில்லை. கரட்டு மேட்டில் ஒளித்துக் காய்ச்சினார்கள். போலீஸ் வந்தது. ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனது. பயிர் வேலைக்கு ஆள் இல்லாமல் போயிற்று. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, குடிக்கிறவர்கள் எல்லாரும் முனீஸ்வரன் கோயிலில் சத்தியம் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

எங்கள் ஊர்ச் சத்தியத்துக்கு ஒரு முறை உண்டு. சத்தியம் செய்கிறவன் வலது கையில் ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். அவனுடைய இடது மணிக்கட்டை இன்னொருவன் பிடித்துக்கொள்வான். அவனைக் கைபிடித்தவன் என்போம். வார்த்தையைச் சொல்லி, மண்ணை நெற்றியில் இட்டுக்கொள்ள வேண்டும். சொன்னவன் தவறினால் கைபிடித்தவனும் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

என் முறை வந்தது. எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. ஊர்ப் பெரியவர் என் கையைப் பிடித்திருந்தார். நான் சொன்னேன்:

“இந்த மண்ணுல இனிமே தொடமாட்டேன்.”

கேட்டீர்களா? இந்த மண்ணில்!

பயத்தில் வாய் தவறி வந்த வார்த்தை என்று சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது. இத்தனை நாள் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் பொய். முந்தின நாள் முழுவதும் மாடுகளின் முதுகைப் பார்த்துக்கொண்டு வண்டியில் அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். இந்த மண்ணில்... இந்த மண்ணில்... கையில் இருப்பதோ சென்னை ராஜ்யத்து மண். மூங்கிலுக்கு அந்தப் பக்கத்து மண்ணைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. முனீஸ்வரனை ஏமாற்றவில்லை, வார்த்தை தவறவில்லை என்று நினைத்தேன். சாமிக்குக் கணக்குப் பிள்ளை மாதிரி வார்த்தை பார்க்கத் தெரியும் என்று எனக்கு யார் சொன்னது?

பெரியவர் என் முதுகைத் தட்டினார். என் மனைவி அன்று கோயிலில் அழுதாள். வீட்டுக்கு வந்ததும் எனக்குச் சோறு போட்டாள். எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் அத்திப்பள்ளியில் வழக்கத்தைவிட அதிகமாகக் குடித்தேன்.

பிறகு அது ஒரு முறையாகவே ஆயிற்று. சரக்கை இறக்குவேன். கடைக்குப் போவேன். குடித்துவிட்டு, அந்தப் பக்கத்து ஏரிக்கரைப் புளிய மரத்தடியில் வெயில் சாயும்வரை காலிச் சாக்குகளின் மேல் படுத்துக் கிடப்பேன். எழுந்ததும் ஏரியில் முகம் கழுவி, கொய்யா இலையை மெல்லுவேன். சாவடியில் போலீஸ்காரர் வண்டியை எட்டிப் பார்க்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். மூங்கில் உயரும். வண்டி இந்தப் பக்கம் வரும். நான் திரும்பவும் யோக்கியன் ஆகிவிடுவேன்!

மாட்டுக்கு ஓய்வு கொடுத்து வருகிறேன், அதனால்தான் நேரமாகிறது என்று வீட்டில் சொல்லியிருந்தேன். மாட்டின் மேல் இவ்வளவு இரக்கமா என்று அக்கம்பக்கத்தில் பாராட்டினார்கள்.

இனிமேல்தான் எல்லப்பன் வருகிறான்.

எல்லப்பன் மாட்டுக்கு லாடம் அடிக்கிறவன். என்னைவிட வயதில் சிறியவன். ஓசூர் ரோட்டோரத்தில் அவனுக்கு ஓர் இடம்; வண்டிமாடுகளை அங்கே கொண்டுபோய் நிறுத்துவோம். மாட்டின் காலில் கயிற்றைப் போட்டு ஒரு இழுப்பு. மாடு தானாகப் படுக்கிற மாதிரி சாயும். அடிபடாது. அந்தக் கைதான் குடியில் நடுங்க ஆரம்பித்திருந்தது. ஆணி வளைந்தது. வண்டிக்காரர்கள் வேறு இடம் தேடினார்கள். ஊர்ச் சத்தியத்தன்று அவன் வரவே இல்லை. எங்கேயோ ஓடி ஒளிந்துகொண்டான்.

சில மாதம் கழித்து ஒருநாள் மத்தியானம் என் வீட்டுக்கு வந்தான். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு, தலையைக் குனிந்தபடி கேட்டான்.

“எப்பிடிண்ணா வுட்டீங்க? எனக்குச் சொல்லிக் குடுங்க. நானும் வுடணும்.”

அந்த நேரம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவன் ஒருவன்தான் இருந்தான். ஒரே ஒரு தலை! அதற்கும் எனக்குத் தைரியம் இல்லை. என் தட்டில் உப்புக்கல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: நாக்கு இழுக்கும்போது ஒரு கல் உப்பை வாயில் அடக்கிக்கொள், கரையும்வரை எழுந்திருக்காதே என்றேன்.

அவன் சாமி வாக்குக் கேட்கிறவனைப் போலத் தலையை ஆட்டினான். “அப்பறம்ணா?”

வாசலில் மாடு நின்றது. வழியை மாற்று என்றேன். பழகின தடத்தில் போனால் கால் தானாகப் போய்விடும், சுற்றிக்கொண்டாவது வேறு தடத்தில் போ. வண்டியில் கயிறு கிடந்தது. குடிக்கிற நேரம் வந்தால் கற்றாழை நாரை எடுத்துக்கொண்டு கயிறு திரி, இரண்டு கையும் வேலையில் இருந்தால் மூன்றாவது கை எங்கிருந்து வரும் என்றேன். இப்படி என் கண்ணில் பட்டதையெல்லாம் மருந்தாக்கினேன். இதில் ஒன்றையும் நான் செய்து பார்த்ததில்லை. வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் பேசியதும் இல்லை. பொய் சொல்லும்போது எனக்குக் கூச்சம் இல்லை என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அவன் முனீஸ்வரன் கோயிலுக்கு வந்தான். யார் கைபிடிப்பது என்று பெரியவர் கேட்டார். “அண்ணன் புடிக்கட்டும்” என்றான். நான் பிடித்தேன். அவன் மணிக்கட்டு சூடாக இருந்தது. மண்ணை எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து, நான் சொன்ன வார்த்தையை எழுத்துப் பிசகாமல் சொன்னான்:

“இந்த மண்ணுல இனிமே தொடமாட்டேன்.”

அவனுக்கு அதில் இருந்த ஓட்டை தெரியாது. என்னிடம் கேட்டு மனப்பாடம் செய்த வார்த்தை அது.

சில நாளில் குடித்துவிடுவான் என்று நினைத்தேன். உள்ளுக்குள் அப்படி வேண்டிக்கொண்டேனா? தெரியவில்லை... வேண்டியிருப்பேன். அவனும் தவறினால் நான் தனியாள் இல்லையே!

அவன் தவறவில்லை. உப்புக்கல் வேலை செய்தது! மாற்று வழி வேலை செய்தது! பொழுது சாய்ந்தால் வேலியோரமாக நாரை வைத்துக்கொண்டு கயிறு திரித்தான். திரித்த கயிற்றை வண்டிக்காரர்களுக்கு இலவசமாகக் கொடுத்தான். கை நிலைத்தது. ஆணி நேராக இறங்கியது. போன மாடுகள் திரும்பி வந்தன. ஒவ்வொரு சாயங்காலமும் என்னைத் தேடி வந்து, அன்று பட்ட பாட்டைச் சொல்லுவான். இன்றைக்கு ரொம்ப இழுத்தது, ஆனால் உங்கள் முகத்தை நினைத்துக்கொண்டேன் என்பான். நான் மூச்சுக்காற்று அவன் பக்கம் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்பேன். அண்ணனுக்குக் கூச்சம் என்று சிரிப்பான்.

அவன் மனைவி கௌரம்மா ஒருநாள் களியும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்து என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, உள்ளறையின் பக்கம் திரும்பிக் கைகூப்பிவிட்டுப் போனாளாம். நான் அறைக்குள்தான் இருந்தேன். வெளியே வரவில்லை.

அன்று முதல் என் பயம் வேறு பயம் ஆயிற்று. அதுவரை நான் அகப்பட்டால் என் மானம் போகும் என்று பயந்தேன். இப்போது நான் அகப்பட்டால் அவன் விழுந்துவிடுவான்! அவன் பிடித்துக்கொண்டிருக்கிற கொம்பு நான். அந்தக் கொம்பு உள்ளே அரித்துப்போயிருப்பது எனக்கு மட்டும் தெரியும். விட்டுவிடலாமே, நிஜமாகவே விட்டுவிட்டால் தீர்ந்ததே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் சாவடி மூங்கிலைத் தாண்டும்போது, இன்றோடு சரி என்பேன். பயம் அதிகமானால் குடி தேவைப்பட்டது. குடித்தால் பயம் அதிகமாயிற்று. இதில் எங்கே புகுந்து எதை அறுப்பது?

அந்தச் சமயத்தில் ராஜ்ய எல்லைகளை மாற்றிக் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு எங்கும் இருந்தது. டீக்கடையில் ஒருவன் சொன்னான்: “நம்மூரு மைசூரோட போயிடுச்சின்னா சாராயக்கடை நம்ம வூட்டாண்டையே வந்துடும்டா. அப்பறம் முனீஸ்வரனுக்கு வேல இல்ல.” இன்னொருவன் என்னைக் காட்டி, “எல்லை எங்க போனாலும் இந்த மனுஷன் அசையமாட்டாரு” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். இந்த மண் அந்த மண் ஆகிவிட்டால் என் சத்தியம் எந்தப் பக்கம் நிற்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இந்த மாதிரி யோசனை எந்த மனிதனுக்காவது வருமா!

மழைக்காலம் முடிந்த சமயம், எல்லப்பனுக்கு அத்திப்பள்ளிக் கொல்லனிடம் லாடம் வாங்க வேண்டியிருந்தது. என் வண்டியில் ஏறிக்கொண்டான். சரக்கை இறக்கிவிட்டு உடனே திரும்பிவிடுவது, கடைப்பக்கம் தலைவைக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். முடிவும் சரிதான். ஆனால் நான் மாடுகளைப் பற்றி யோசிக்கவில்லை.

சரக்கை இறக்கினோம். அவன் லாடங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தான். வண்டியைத் திருப்பினேன். ஊர்ப்பக்கம் போக வேண்டிய முனையில் மாடுகள் இரண்டும் தாமாக இடது பக்கம் ஒடித்தன. கயிற்றை இழுத்தேன். கேட்கவில்லை. நடந்து போய், வழக்கமான இடத்தில், வழக்கமான முளையின் முன்னால், தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றுவிட்டன. சாராயக்கடை வாசல்! உள்ளே பேச்சுச் சத்தம். புளித்த வாடை. எருது ஒன்று சாவகாசமாக அசைபோட ஆரம்பித்தது.

நான் கல்லாகிவிட்டேன். பக்கத்தில் எல்லப்பன் அந்த வாசலைப் பார்த்தான். மாடுகளைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. பிறகு சொன்னான்:

“மாட்டுக்குத் தாகம் போல. பக்கத்துல தொட்டி இருக்குதுண்ணா.”

தொட்டி இருந்தது. நான் அந்தப் பொய்யை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். ஆமாம், இங்கேதான் தண்ணீர் காட்டுவேன் என்றேன். அவனே இறங்கி மாடுகளை அவிழ்த்துத் தொட்டிக்குக் கொண்டுபோனான். அவை மோந்து பார்த்துவிட்டு, ஒரு வாய்கூடக் குடிக்காமல் நின்றன. திரும்பக் கொண்டுவந்து பூட்டினான். மூங்கிலைத் தாண்டியதும் அவன் மடியிலிருந்து ஓர் உப்புக்கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். என்னிடமும் ஒன்றை நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.

அன்று அவனுக்குத் தெரிந்துவிட்டதா? இந்தக் கேள்வியைப் பிறகு எத்தனையோ தடவை என்னை நானே கேட்டிருக்கிறேன். மாட்டின் நடையைப் பார்த்தே எந்தக் காலில் வலி என்று சொல்கிறவன் அவன். அவனுக்கா தெரியாது? ஆனால் மறுநாள் சாயங்காலமும் வழக்கம்போல வந்தான். அன்று பட்ட பாட்டைச் சொன்னான். தெரிந்தவன் எதற்கு வருவான்? தெரியவில்லை, தெரியவே இல்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

இனி அந்த நாள்...

பக்கத்து ஊர் பெரிய விவசாயி ஒருவர் குந்தாரப்பள்ளிச் சந்தையில் நல்ல காளை ஒன்று வாங்கிவந்திருந்தார். எல்லப்பனிடம் லாடம் அடித்தார்கள். காளை மிரண்டு காலை உதறியது போலிருக்கிறது. ஓர் ஆணி உள் சதையில் இறங்கிவிட்டது. இரண்டொரு நாளில் காளை நொண்டியது. அவர் ஆட்களோடு அவன் இடத்துக்கு வந்துவிட்டார். குடிகாரன் கையில் மாட்டைக் கொடுத்தது என் புத்திகெட்ட வேலை என்று கத்தினாராம். நான் குடிக்கிறதில்லீங்க என்று இவன் சொன்னான். கூட்டம் சிரித்ததாம். ஒருகாலத்தில் அவன் ரோட்டில் விழுந்து கிடந்ததை எல்லாரும் பார்த்தவர்கள். யார் சாட்சி என்று கேட்டார். எனக்குக் கைபிடித்த அண்ணன் இருக்கிறார், கூட்டிவருகிறேன் என்று சொல்லிவிட்டு இவன் ஓடிவந்தான்.

இதெல்லாம் பிறகு டீக்கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டது. அந்த நேரம் நான் எங்கே இருந்தேன்?

வீட்டில். பட்டப்பகலில். உள்ளறையில். கதவைத் தாழிட்டுக்கொண்டு.

அன்று அத்திப்பள்ளியில் மேகம் கவிந்துவிட்டது. மழையில் மாட்டிக்கொள்ளப் பயந்து, புளிய மரத்தடியில் படுக்காமல் குடித்த கையோடு வண்டியைப் பூட்டினேன். சாவடியில் எல்லாரும் மழைக்கு உள்ளே ஒதுங்கி, அங்கிருந்தபடியே கயிற்றை இழுத்து மூங்கிலைத் தூக்கினார்கள். தப்பித்தேன். மனைவி களை எடுக்கப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் வாடை போய்விட வேண்டும் என்று படுத்திருந்தேன். அப்போதுதான் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

“அண்ணா.”

மூச்சை அடக்கிக்கொண்டேன்.

“அண்ணா, உள்ள இருக்கீங்களா? ஒரு பேச்சுண்ணா.”

வாசலில் மாட்டின் முதுகை அவன் தட்டுவது கேட்டது. தட்டுகிற சத்தத்திலேயே தெரிந்தது, முதுகு இன்னும் வேர்வையும் மழையுமாக ஈரமாய் இருந்தது. இப்போதுதான் வந்த மாடு. வண்டிக்காரன் வீட்டில்தான் இருக்கிறான் என்பதை அந்த முதுகு அவனுக்குச் சொல்லியிருக்கும்.

திரும்ப வந்து கதவின்மேல் கையை வைத்தான். தட்டவில்லை. வைத்தான்.

“நான் குடிச்சிட்டு அடிச்சேன்னு சொல்றாங்கண்ணா. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்க பேச்சை அவரு நம்புவாரு. என் பேச்சை யாரு நம்பறாங்க.”

எழுந்திருக்கலாம். கதவைத் திறக்கலாம். வாடை அடிக்கட்டும், அவனுக்குத் தெரியட்டும், கூட்டத்துக்குத் தெரியட்டும்! நான் குடித்திருக்கிறேன், அவன் குடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் அதைவிட நல்ல சாட்சி உண்டா? குடிகாரன் சொன்னாலும் உண்மை உண்மைதானே! இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அன்று நான் துண்டை வாயில் திணித்துக்கொண்டேன். என் மூச்சு கதவிடுக்கு வழியாக அவன் மூக்குக்குப் போய்விடும் என்று பயந்து, துண்டைக் கடித்துக்கொண்டு சுவரோரம் ஒடுங்கிக் கிடந்தேன்.

அவன் நின்றான். மழை தூறிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியாது. கடைசியில், குரலைத் தாழ்த்தி, நோயாளியிடம் பேசுகிறவன் மாதிரி சொன்னான்:

“சரிண்ணா. தூங்குங்க.”

போய்விட்டான்.

தனியாகத் திரும்பி வந்தவனைப் பார்த்துக் கூட்டம் இன்னும் சிரித்தது. உன் சாட்சி எங்கே என்று கேட்டார்கள். அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னானாம்! என்னைக் காப்பாற்றிச் சொல்லியிருக்கிறான். விவசாயி அவன் பெட்டியை உதைத்து ஆணிகளைச் சேற்றில் கொட்டிவிட்டுப் போனார். அவன் குனிந்து ஒவ்வொரு ஆணியாகப் பொறுக்கினான் என்று சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் அவன் என்னைத் தேடி வரவில்லை. ஓசூரில் மரச்சாமானுக்கு மெருகு பூசுகிறவர்கள் வைத்திருக்கிற ஸ்பிரிட்டை யாரிடமோ வாங்கி, தண்ணீர் கலந்து குடித்துவிட்டான். மதுவிலக்கு வந்த பிறகு அப்படிக் குடிக்கிறவர்கள் இருந்தார்கள்.

மறுநாள் காலை, வெயில் அடித்த பிறகு எழுந்து உட்கார்ந்து கௌரம்மாவைக் கேட்டானாம்: “இன்னும் விடியலையா?”

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். என் வண்டியில்தான். உயிர் தங்கியது. கண் போனது போனதுதான்.

அத்திப்பள்ளி எட்டும் தூரத்தில் இருந்தது. அங்கே போய்க் குடித்திருந்தால் கண் போயிருக்காது. அவனுடைய சத்தியமும் அதைத் தடுக்கவில்லையே. நான் கொடுத்த வார்த்தைதானே அது! ஏன் போகவில்லை? ஏன் இந்த மண்ணிலேயே, சொன்ன சத்தியத்தை நேருக்கு நேராக உடைத்துக் குடித்தான்? இந்தக் கேள்வி அன்று எனக்குள் நுழைந்தது. பிறகு வெளியே போகவில்லை.

அன்று முதல் நான் தொடவில்லை. இது உண்மை. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்; என்னிடம் உண்மை இருந்ததே குறைவு.

எப்படி விட்டேன் என்று கேட்கிறீர்களா? உப்புக்கல். மாற்று வழி. நார். அவனுக்கு நான் இட்டுக்கட்டிச் சொன்னதையெல்லாம், அவன் செய்ததைப் பார்த்து நான் கற்றுக்கொண்டேன். மாடுகள் மட்டும் மறக்கவில்லை. அந்த முனைக்கு வந்தால் இடது பக்கம் ஒடித்தன. அடித்துப் பார்த்தேன். கடைசியில் குந்தாரப்பள்ளிக்கு ஓட்டிக்கொண்டுபோய் விற்றுவிட்டேன். மாட்டை விற்றேன், என் கால்களை எந்தச் சந்தையில் விற்பது? இன்றும் அந்த முனையில் என் இடது கால் பெருவிரல் கடைப் பக்கமாகவே ஊன்றுகிறது. இதை ஊர் மனவுறுதி என்கிறது. பிள்ளைகளுக்கு என்னை உதாரணம் காட்டுகிறார்கள். உறுதி என்று ஒன்றும் என்னிடம் கிடையாது. பயம்தான். கதவுக்கு வெளியே நின்ற அந்தக் குரலுக்குப் பயந்து குடிக்காமல் இருக்கிறேன். ஒருநாள் இந்தப் பயம் குறைந்துவிட்டால் என்ன ஆகும் என்பது இன்னொரு பயம்!

எல்லப்பன் லாடம் அடிக்க முடியாது. கயிறு திரிக்கிறான். கையை வேலையில் வைக்க நான் இட்டுக்கட்டிச் சொன்ன அந்தக் கயிறுதான் இப்போது அவன் வீட்டுக்குச் சோறு போடுகிறது. ஒருவர் முறுக்க, இன்னொருவர் மறுமுனையைப் பிடித்து நிற்க வேண்டும். சாயங்காலம் நான் போய்ப் பிடிக்கிறேன். நல்ல மனிதர், நட்பை மறக்கவில்லை என்கிறார்கள்.

அவன் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றைக்கு உள்ளேதானே இருந்தீர்கள் என்று கேட்டதில்லை. கேட்டுவிட மாட்டானா என்று இருக்கிறது. கேட்டுவிடுவானோ என்றும் இருக்கிறது...

போன அறுவடைக்குப் பிறகு, ஊரில் வேறு சிலரும் சத்தியம் செய்ய முன்வந்தார்கள். முதல் வார்த்தையை நான் சொல்ல வேண்டும், அதைக் கேட்டு மற்றவர்கள் சொல்வார்கள் என்று முடிவு செய்தார்கள். முடியாது என்று எவ்வளவோ மறுத்தேன். அவருக்குக் கூச்சம் என்று சிரித்தார்கள். எனக்கு முதலில் கைபிடித்த பெரியவர் இறந்துவிட்டார். இப்போது யார் பிடிப்பது என்ற கேள்வி வந்தபோது, கூட்டத்தின் ஓரத்திலிருந்து எல்லப்பன் எழுந்தான்.

“அண்ணனுக்கு நான் புடிக்கறேன்.”

அவனைக் கொண்டுவந்து என் பக்கத்தில் நிறுத்தினார்கள். சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவன் தடவிப் பார்த்து என் மணிக்கட்டைப் பிடித்தான். மாட்டின் காலைப் பிடிக்கிற பிடி. இறுக்கம் இல்லை. ஆனால் உதறவும் முடியாது. அவன் கட்டைவிரல் என் நாடியின்மேல் இருந்தது.

குனிந்து மண்ணை எடுத்தேன். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பியிருந்தன.

“இந்த மண்ணுல...” என்று தொடங்கினேன். எனக்கு வேறு வார்த்தை தெரியாது.

பிடி இறுகியது. காதோரமாக, எனக்கு மட்டும் கேட்கும்படி, அவன் சொன்னான்:

“எந்த மண்ணுலயும்னு சொல்லுங்கண்ணா.”

என் கையிலிருந்த மண் விரலிடுக்கு வழியாக உதிர்ந்தது. தெரிந்திருக்கிறது! சாராயக்கடை வாசலில் மாடுகள் நின்ற அன்றே தெரிந்திருக்கிறது. அவனும் எல்லை தாண்டியிருக்கலாம் என்பது தெரிந்தும் தாண்டவில்லை. நான் அரித்துப்போன கொம்பு என்று தெரிந்தும் சாயங்காலம்தோறும் வந்தான். எதற்கு வந்தான்? என்னைப் பிடித்துக்கொள்ளவா? எனக்குப் பிடி கொடுக்கவா? அன்று கதவுக்கு வெளியே நின்றபோது, உள்ளே நான் எந்த நிலையில் கிடக்கிறேன் என்று தெரிந்துதான் தூங்குங்க என்றானா?

சொன்னேன். “எந்த மண்ணுலயும் இனிமே தொடமாட்டேன்.” கூட்டம் அதைத் திருப்பிச் சொன்னது. புது வார்த்தை நன்றாக இருக்கிறது என்று யாரோ பாராட்டினார்கள். மிச்சமிருந்த மண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டேன். அவன் கையை விட்டான்.

அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் நார் நன்றாகக் காயவில்லை என்று பேசிக்கொண்டு வந்தான். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இதோ, முகம் தெரியாத உங்களிடம் இவ்வளவு பேசுகிறேன். அவனிடம் ஒரு வார்த்தை வரவில்லை.

நாளைச் சாயங்காலமும் போவேன். அவன் ஒரு முனையில் உட்கார்ந்து முறுக்குவான். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நான் எதிரில் நிற்பேன். கயிறு விறைக்க விறைக்க என் கை இழுபடும். இப்போது கேட்பான், இதோ கேட்கப்போகிறான் என்று காத்திருப்பேன். அவன் ஒன்றும் கேட்காமல் முறுக்கிக்கொண்டே இருப்பான்.

நான் கையை விட்டால் முறுக்கு அவிழ்ந்துவிடும். பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.